ஒற்றைச் சில்லில் ஓய்வில்லை

சூரியனுடைய தேருக்கு ஒரே சக்கரம் என்று புராணங்கள் கூறும். ஏழு குதிரைகள் இழுக்க, அருணன் சாரதியாய் இருந்து செலுத்த, அந்த ஏகசக்கரத் தேர் ஒருநாளேனும் நில்லாது ஓடுகின்றது. சிறுவயதில் இக்கதையை அம்மா சொல்லக் கேட்டபோது, "ஒரு சில்லோடு தேர் எப்படியம்மா சரியாமல் ஓடும்?" என்று நான் வினவியதுண்டு. "ஓடிக்கொண்டே இருக்கிறபடியால்தான் சரியேல்லை" என்பது அம்மாவின் மறுமொழி. அம்மறுமொழி எத்துணைப் பொருத்தமானது என்பதை, நாற்பது வயதைக் கடந்தபின், இங்கிலாந்தில் ஒரு சேற்றுக் காட்டின் ஓரத்தில் குந்தியிருந்தபோதே நான் உணர்ந்துகொண்டேன்.

ஒற்றைச் சில்லு வண்டி என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன சர்க்கஸ் கூடாரமும் கோமாளியுமே. நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். யாழ்ப்பாணத்தவர் துவிச்சக்கர வண்டியிற் பிறந்து அதிலேயே வளர்ந்தவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நெல்மூடையும் விறகும் நோயாளியும் மணப்பெண்ணும் அதிலேயே பயணஞ் செய்தனர். இரண்டு சில்லில் ஊரையே சுமந்த எமக்கு, உள்ள இரண்டில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவது வீண் வேடிக்கையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த வேடிக்கையை 24 மணித்தியாலம் உறக்கமின்றி இருந்து பார்க்கும்படி எனக்கு வாய்த்தது. அதற்குக் காரணமாய் அமைந்தது எங்கள் குடும்பக் கதை. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

2013 ஆம் ஆண்டில் அம்மாவைப் பாரிசவாதம் பற்றிக்கொண்டது. வலப்புறம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. படுக்கைப்புண் வராதிருக்க வேண்டுமாயின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தவேண்டும் என்று வைத்தியர் கூறினார். நானோ இந்துக் கல்லூரி ஒன்றிற் கணிதம் கற்பிப்பவன். எதனையும் எழுதி வைத்தாற்றான் எனக்கு மனம் ஆறும். ஆகவே அம்மாவின் கட்டிற் தலைமாட்டில் ஒரு பயிற்சிக் கொப்பியைத் தொங்கவிட்டேன். நேரம், இடப்பக்கமோ வலப்பக்கமோ, கொடுத்த மருந்து, உண்ட உணவு யாவும் அதில் ஏறின. பகற்பொழுது மனைவியுடையது, இரவு என்னுடையது. எமக்குள் முறை இருந்தது, ஓய்வு இருக்கவில்லை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மணி அடிக்கும் முன்னரே கண் விழித்துக்கொள்ளும். மறுநாள் வகுப்பிற் கரும்பலகை முன் நின்றவாறே சிறிது கண்ணயர்ந்த நாட்களும் உண்டு.

எனக்கு ஒரேயொரு தங்கை. திருமணமாகி இங்கிலாந்திற் குடியேறியவள். மாதந்தோறும் தவறாது பணம் அனுப்புவாள். பணம் அனுப்புவது எளிது என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். அதனை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாதபடியாற்போலும் அது உள்ளேயிருந்து வளர்ந்தது.

2019 ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறைக்கு அவள் ஊர் வந்தாள். வரும்போது எனக்கொரு விமானப் பிரயாணச் சீட்டையும் கொண்டுவந்தாள். "அண்ணா, நீங்கள் என்ரை வீட்டிலை நாலு கிழமை இருந்திட்டு வாங்கோ. அண்ணியும் தாய்வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் நிக்கட்டும். அம்மாவை நான் பாக்கிறன்" என்றாள். மறுக்க நூறு காரணங்கள் சொன்னேன். மனைவி ஒரேயொரு பார்வை பார்த்தாள். ஆறு ஆண்டுகளாய் அவளுந்தான் தாய்வீட்டில் ஓர் இரவு தங்கியதில்லை. நான் புறப்பட்டேன்.

உடல் இங்கிலாந்துக்குச் சென்றதேயன்றி உள்ளம் கோண்டாவிலை விட்டு அகலவில்லை. நாளுக்கு ஐந்து தடவை தொலைபேசி எடுப்பேன். "வலப்பக்கம் திருப்பினாயா? கஞ்சியை வடித்தாயா? கொப்பியில் எழுதினாயா?" என்று பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளனைப் போல் வினவுவேன். பத்தாம் நாள், பிரயாணத் திகதியை முன்தள்ளித் தரும்படி மைத்துனரிடம் கேட்டும்விட்டேன். திங்கட்கிழமை அதற்கு ஒழுங்கு செய்வதாக அவர் சொன்னார். இடையில் வந்த சனி ஞாயிறு நாட்களிலேதான் எனது மருமகன் என்னைத் தன்னோடு அழைத்துச் சென்றான்.

அவனுக்கு அப்போது வயது 19. தமிழ் விளங்கும், பேச்சிற் சொற்கள் இடறும். "மாமா, எங்கட ரீமுக்கு நேரம் எழுத ஆள் இல்லை. நீங்க எழுதுவீங்க எண்டு அம்மா சொன்னவ. வாறீங்களா?" என்று கேட்டான். வேலை உண்டென்றதும் நான் இசைந்தேன். சும்மா இருப்பதுதான் எனக்கு அரிதாய் இருந்தது.

பந்தயம் நிகழ்ந்த இடம் வேல்ஸ் எல்லையை அண்டிய ஒரு மலைச்சாரல். சனிக்கிழமை நண்பகல் தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை, காட்டினூடாகவும் மேட்டினூடாகவும் செல்லும் 12 கிலோமீற்றர் வட்டப் பாதையைச் சுற்றிவருதல் வேண்டும். ஒரு குழுவில் நால்வர்; ஒரு வேளையில் ஒருவரே பாதையில் இருக்கலாம். அவர் சுற்றி வந்து கையிலுள்ள குறுந்தடியை அடுத்தவரிடம் கொடுத்தபின்பே அடுத்தவர் புறப்படலாம். நண்பகலுக்கு ஒரு நொடி முன்னர் தொடங்கிய சுற்றும் கணக்கிற் சேரும். இத்தகைய 24 மணித்தியாலத் தொடர் பந்தயம் மலைப்பாதைச் சைக்கிள்களுக்கென 1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள கெனான் என்னுமிடத்தில் நடத்தப்பட்டது; பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. அங்கு கூடியிருந்தோர் நூற்றுக்கணக்கினர். அத்தனை பேரும் இரண்டு சில்லுக்காரர். எம்முடைய நால்வர் மட்டுமே ஒற்றைச் சில்லுக்காரர். "உங்கள் மற்றச் சில்லு எங்கே தொலைந்தது?" என்று கேட்டவர்களை எண்ணத் தொடங்கி, முப்பதோடு விட்டுவிட்டேன்.

புறப்படுமுன் மருமகன் தன் வண்டியை எனக்கு விளக்கினான். சங்கிலி இல்லை, பற்சில்லு இல்லை, கைபிடியும் இல்லை. மிதி நேரே சில்லின் அச்சிற் பொருத்தப்பட்டிருக்கிறது. மிதி ஒருமுறை சுற்றினாற் சில்லும் ஒருமுறை சுற்றும். மிதி நின்றாற் சில்லும் நிற்கும். எங்கள் துவிச்சக்கர வண்டியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு இறக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகிறோமே, அந்தச் சுகம் இதற்கு இல்லை. மலையில் ஏறும்போதும் மிதிக்க வேண்டும். இறங்கும்போதும் மிதிக்க வேண்டும். ஆசனத்தின் கீழ் ஒரு பிறேக் உண்டு. அது இறக்கத்திற் கால்களின் பாரத்தைச் சிறிது குறைக்குமேயன்றி, கால்களுக்கு ஓய்வு தராது. சில்லு 29 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீற்றர் நகரும். நான் கொப்பியில் வகுத்துப் பார்த்தேன். 12 கிலோமீற்றர் பாதையை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 5,200 தடவை மிதிக்க வேண்டும்.

"எப்படி விழாமல் இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"விழுந்துகொண்டுதான் இருக்கிறன் மாமா. விழுற பக்கத்துக்குச் சில்லைக் கொண்டுபோறன்" என்றான்.

உள்ளங்கையில் ஈர்க்குமாற்றை நிறுத்திக் கையை அங்குமிங்கும் அசைத்து விளையாடாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. கணிதத்தில் இதனைத் தலைகீழ் ஊசல் என்போம். அடி அசைந்துகொண்டிருக்கும் வரையே முடி நிமிர்ந்து நிற்கும். அம்மா சொன்ன சூரியன் தேரின் இரகசியமும் அதுவே.

இவ்வண்டியைக் கூடாரத்திலிருந்து காட்டுக்குக் கொண்டுவந்தோரிற் பெயர்பெற்றவர் கனடாவைச் சேர்ந்த கிறிஸ் ஹோம். சீனப் பெருஞ்சுவரிலும் மெக்சிக்கோவின் ஓரிசபா எரிமலையிலும் அவர் ஒற்றைச் சில்லில் ஓடியவர். 2008 ஆம் ஆண்டிற் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், குழுவுக்கு மூவராக, ஐந்து நாட்களில் 800 கிலோமீற்றர் ஓடும் பந்தயமொன்று தெருவழியே நடந்தது. இங்கிலாந்தின் எட் பிராட் என்னும் இளைஞரோ 2015 இல், என் மருமகனின் அதே 19 வயதில், 36 அங்குலச் சில்லொன்றில் ஏறித் தன்னந்தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018 இல் வீடு திரும்பினார். இவற்றையெல்லாம் மருமகன் எனக்குச் சொன்னபோது, தனித்து ஓடியவரின் கதையே என் மனத்திற்குப் பிடித்திருந்தது. எவர் உதவியும் வேண்டாத மனிதன் என்று அவரை வியந்தேன். அவ்வியப்பின் வேர் எங்கிருந்தது என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

எங்கள் குழுவின் தலைவி ஒரு தாதி; முப்பத்தைந்து வயதிருக்கலாம். அடுத்தவன் பல்கலைக்கழக மாணவன். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தபாற்காரர், 58 வயதினர். ஐம்பதாவது பிறந்த தினத்தன்று இவ்வண்டியைக் கற்கத் தொடங்கியவராம். நான்காமவன் என் மருமகன். மாணவன், தாதி, தபாற்காரர், மருமகன் என்பதே ஓடும் ஒழுங்கு.

முன்தினம் பெய்த மழையினால் பாதை களியாகக் கிடந்தது. ஒற்றைச் சில்லுக்கு அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. சைக்கிள்காரரின் சங்கிலியிலும் பற்சில்லிலும் சேறு புகுந்து, பலர் வண்டியைத் தோளிற் சுமந்து வந்தனர். எம்மவரின் வண்டியிற் கெடுவதற்கு எதுவும் இல்லை. சில்லுக்கும் கவைக்கும் இடையில் அப்பிய களியை ஒரு தடியாற் சுரண்டிவிட்டாற் போதும். அந்தத் தடியும், நேரம் எழுதும் கொப்பியும், தேநீர்க் கேத்திலும் என் பொறுப்பில் இருந்தன.

மாணவன் 1 மணி 25 நிமிடத்தில் வந்தான். தாதியும் அதே நேரம். தபாற்காரர் 1 மணி 55 நிமிடம். என் மருமகன் 1 மணி 20 நிமிடம். கொப்பியில் நான்கு வரிகளையும் நோக்கிய எனக்கு, ஆசிரியப் புத்தி உடனே வேலை செய்தது. மூன்றாம் வரி குறைந்த புள்ளி.

மாலை ஏழு மணியளவில் ஒரு மேட்டில் ஏறித் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது இரவு பதினொன்றரை. "வலப்பக்கம் மாற்றினாயா?" என்றேன். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் தாழ்ந்த குரலிற் சொன்னாள்: "அண்ணா, இப்பதான் அவ கண்ணயர்ந்தவ. உங்கடை போனாலை திரும்ப எழும்பிட்டா. எனக்கும் அவ அம்மாதானே? ஆறு வருசம் நீங்கள் பாத்தனீங்கள். நாலு கிழமை என்னைப் பாக்க விடுங்கோவன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சினமே எழுந்தது. செய்த எனக்குத்தானே தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினேன்.

இருள் கவிந்தது. சைக்கிள்காரர் கைபிடியில் ஒரு விளக்கும் தலைக்கவசத்தில் ஒரு விளக்கும் பூட்டியிருந்தனர். ஒற்றைச் சில்லுக்குக் கைபிடி இல்லாதபடியால் தலைவிளக்கு ஒன்றே துணை. கண்ணும் ஒளியும் ஒரே உயரத்திலிருந்து செல்லும்போது மரவேரின் நிழலும் பள்ளத்தின் நிழலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேடு பள்ளம் யாவும் ஒரே தட்டாகத் தோன்றுமாம். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் புறப்பட்ட தபாற்காரர் பதினொன்று இருபதுக்கே திரும்பினார். வழியில் வேரொன்றில் இடறி விழுந்து, முழங்கால் வீங்கியிருந்தது. பாதித் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். ஆயினும் சிரித்த முகத்தோடு குறுந்தடியை என் மருமகனிடம் நீட்டினார். பின்னர் நான் கொடுத்த தேநீரைப் பருகி, காலைத் துணிப்பையின் மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு உறங்கிவிட்டார்.

இரவு இரண்டு மணி. மாணவன் பாதையில் இருந்தான். அடுத்துச் செல்லவேண்டிய தலைவி சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். என் மருமகன் அவளிடம் சென்று, "நான்கு மணிக்கு அவருடைய சுற்றையும் நானே ஓடுகிறேன். பிறகு என்னுடையதையும் ஓடுவேன். அவர் உறங்கட்டும்" என்றான். நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றியது. கணக்கும் அவன் பக்கமே இருந்தது.

தலைவி நாடாவிலிருந்து கையெடுக்கவில்லை. "ஓடமுடியாது என்று அவர் சொன்னால் நீ ஓடு" என்றாள். "அவர் சொல்லாதவரையில் அந்தச் சுற்று அவருடையது. உதவி செய்வதாக எண்ணி அதனை அவரிடமிருந்து பறித்துவிடாதே. நீயும் போய்ப் படு. உனக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தான் அவர் ஓடுகிறார்."

அவ்வளவே. அவள் எழுந்து குறுந்தடி மாற்றும் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஊரில் அப்போது காலை ஆறரை மணி. அம்மாவுக்கு முகம் துடைத்து, பக்கம் மாற்றி, முதற் தேநீரைக் கரண்டியாற் பருக்கும் வேளை. என் கை சட்டைப்பையிலுள்ள தொலைபேசியின் மேல் இருந்தது. ஆறு ஆண்டுகளில் நான் தவறவிடாத வேளை அது.

அப்போது எனக்கு, எதிர்பாராத வகையில், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு நினைவுக்கு வந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். எனக்கு வயது 18, தங்கைக்கு 16. துவிச்சக்கர வண்டியின் பின்னால் பாட்டியை இருத்தி, கைபிடியில் இரண்டு பைகளைக் கொழுவி, நான் தள்ளினேன். அம்மா பாட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே தெருவில். அடிக்கு அடி நின்று நின்று செம்மணி வெளியை நாம் கடக்கையில் தங்கை பலமுறை கேட்டாள்: "அண்ணா, இஞ்சை தாங்கோ. நான் கொஞ்சம் தள்ளுறன்." "நீ சின்னப்பிள்ளை, பேசாமல் வா" என்று நான் மறுத்தேன். நாவற்குழிப் பாலத்தை அண்மித்தபோது என் கால்கள் மடிந்தன. வண்டியோடும் பாட்டியோடும் சரியப்போன என்னை விலக்கிவிட்டு, தங்கை கைபிடியைப் பற்றினாள். பாலத்தைக் கடந்து பாட்டியைக் கொண்டுசேர்த்தவள் அவளே. நான் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன்.

இருபத்துநான்கு ஆண்டுகளாக அக்கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாட்டியை நான் தள்ளிச் சென்றதாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

தொலைபேசியைப் பையிலேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தலைவி வந்து சேர்ந்தாள். தபாற்காரர் எவரும் எழுப்பாமலே எழுந்து, முழங்காலிற் பட்டி சுற்றிக்கொண்டு காத்து நின்றார். அவர் ஏறும்போது ஒருமுறை தவறி, இரண்டாம் முறை ஏறினார். தலைவிளக்கு ஆடி ஆடி மரங்களுக்குள் மறைந்தது. மருமகன் உறங்கச் சென்றான். விடிந்தது. ஆறு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு, மேட்டுப் பாதையில், புல்லின் பனிக்கு மேலாக ஓர் உருவம் தெரிந்தது. சைக்கிள்காரர் இருவர் வேகத்தைக் குறைத்து, அவருக்கு வழிவிட்டு, கைதட்டிச் சென்றனர். 2 மணி 15 நிமிடம். நான் எழுதிக்கொண்டேன். இம்முறை அந்த வரியைக் குறைந்த புள்ளி என்று என் மனம் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அயர்ந்து உறங்கி எழுந்த மருமகன், தன் அடுத்த சுற்றை முதற் சுற்றைப் போலவே 1 மணி 20 நிமிடத்தில் முடித்தான்.

நண்பகலுக்கு முன் தொடங்கிய கடைசிச் சுற்று தபாற்காரருக்கே வந்தது. அவர் 12 மணி 40 நிமிடத்துக்கு முடிவிடத்தை அடைந்தபோது பெரும்பாலோர் கூடாரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தனர். கழற்றிய கையோடு அப்படியே நின்று ஆரவாரித்தனர். நால்வருமாக 15 சுற்று, 180 கிலோமீற்றர். முதலிடம் பெற்ற சைக்கிள் குழு இதைப்போல் இருமடங்குக்கு மேல் ஓடியிருந்தது. மருமகன் இரட்டைச் சுற்று ஓடியிருந்தால் எமக்கு இன்னொரு சுற்றுக் கூடியிருக்கவும் கூடும். கணித ஆசிரியனாகிய நான் அதனை மறைக்கமாட்டேன். ஆயினும் அந்நால்வரில் எவரும் அக்கணக்கைப் போட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

காரில் திரும்பும் வழியில் மருமகனிடம், "எட் பிராட் தனியே உலகத்தைச் சுற்றினாரே, அது பெரிதல்லவா?" என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்து, "பெரிசுதான் மாமா. ஆனா அவருக்கு இரவிலை நிப்பாட்டிப் படுக்கலாம். எங்களுக்குத் தடி நிக்கக்கூடாது. தடி நிக்காமல் நாங்க படுக்க வேணும் எண்டா, இன்னொரு ஆள் ஓடவேணும்" என்றான். இடறும் தமிழில் அவன் சொன்ன அவ்விடையை எந்தப் பண்டிதரும் இதனினும் திருத்தமாய்ச் சொல்லிவிட முடியாது.

வீடு சேர்ந்ததும் மைத்துனரிடம், பிரயாணத் திகதியை மாற்றவேண்டாம் என்று கூறினேன். எஞ்சிய நாட்களில் தங்கைக்கு நாளுக்கு ஒருமுறையே தொலைபேசி எடுத்தேன். எடுத்தபோதும் பக்கம் மாற்றியதைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். முதல்நாள் அக்கேள்விக்கு அவளால் விடை சொல்ல இயலவில்லை. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

நான்கு கிழமை முடிந்து ஊர் திரும்பியபோது அம்மாவின் உடலில் ஒரு சிறு புண்தானும் இல்லை. நகங்கள் அழகாய் வெட்டப்பட்டிருந்தன. நான் ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் செய்திராத வகையிற் கூந்தல் இரட்டைப் பின்னலாய்ப் பின்னப்பட்டிருந்தது. கொப்பியைப் புரட்டினேன். ஆறு ஆண்டுகளாக என் கையெழுத்தும் மனைவியின் கையெழுத்துமே நிறைந்திருந்த அதில், மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருபத்தெட்டு நாட்களுக்கு ஓடியிருந்தது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஒரு கட்டமேனும் வெறுமையாய் இல்லை. ஓரிடத்தில் மாத்திரம், அதிகாலை இரண்டு மணிக்கு நேரே, "அம்மா இண்டைக்குச் சிரிச்சவ" என்று எழுதியிருந்தாள். அவ்வகைச் செய்தியை எழுதுவதற்கு என் கொப்பியில் நிரல் எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

2020 மார்ச் மாதத்திற் பெருந்தொற்றினால் விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அம்மா காலமானார். தங்கையால் வரமுடியவில்லை. மகன் கையிற் பிடித்த தொலைபேசியின் சிறு கண்ணாடியிலேயே அவள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். எட்டுச் செலவு கழிந்தபின் ஓர் இரவு என்னோடு பேசினாள். அழுகை ஓய்ந்திருந்தது. "அண்ணா, அந்த நாலு கிழமையும் எனக்குக் கிடைச்சிராட்டில் நான் என்ன செய்திருப்பன்?" என்றாள். திங்கட்கிழமை மாற்றப்பட இருந்த அந்தப் பிரயாணச் சீட்டைப் பற்றி மைத்துனர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை போலும். நானே சொன்னேன். சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். நாவற்குழிப் பாலத்தில் கைபிடியைப் பற்றியவள் அவள்தான் என்பதையும் அன்றிரவு என் பிள்ளைகளை அழைத்து அவர்கள் முன்னிலையிற் சொன்னேன்.

நோயாளரை வைத்துப் பார்க்கும் வீடுகள் எம்மிடையே பல. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் முன்னின்று சுமப்பார்; மற்றவர்கள் விலகி நிற்பதாய்க் குறைகூறப்படுவர். அவர்களில் விலகியவர் எத்தனை பேர், விலக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. சுமையைப் பிறருக்குக் கொடுப்பது சோம்பல் என்றே எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. முறை வந்தவரிடம் முறையைக் கொடாதிருப்பதும் ஒருவகைக் களவு என்பதை, முழங்கால் வீங்கிய ஒரு தபாற்காரர் சேற்றிலிருந்து வந்து எனக்குக் கற்பித்தார்.

விமானங்கள் மீண்டும் ஓடத்தொடங்கியதும், அம்மாவின் தலைமாட்டிலிருந்த கொப்பியைப் பொதிசெய்து தங்கைக்குத் தபாலில் அனுப்பிவைத்தேன். அது அவளிடமே இருக்கிறது.